ஓரத்தில் வைத்த சந்தனம்

வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. சுத்தட்டும், அதுவரைக்கும் நாமளும் மூச்சு விட்டுக்கலாம். ஏழாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் போர்டுல சுத்துற அந்த வெள்ளை வட்டத்தையே வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டிருக்கு. ஜன்னல் பக்கத்து நாற்காலியில ரெஜினா டீச்சர், கடைசி பெஞ்சில முழங்கால் இடிக்க இடிக்க, காலேஜ்ல இருந்து என் பாடத்துக்கு மார்க்கு போட வந்த சங்கரபாண்டி சார், முன்னால நான். கையைக் கட்டினா பயந்த மாதிரி இருக்கும், தொங்க விட்டா வேலையத்தவ மாதிரி இருக்கும், சரின்னு முந்தானையை இழுத்து இடுப்புல சொருகப் போனேன், அது ஏற்கெனவே சொருகித்தான் இருக்கு. ஸ்மார்ட் போர்டு எந்திரிக்க நேரமாகும், பதறாதீங்கக்கா, அதுக்கும் மூஞ்சி கழுவணும்லன்னு ரெஜினா டீச்சர் சொல்லுவாங்க. பிள்ளைங்க இல்லாதப்ப அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, என்னைவிட ஆறேழு வயசு இளையவங்க. ஆனா அவங்க இங்க வேலைக்கு வந்தவங்க, நான் பி.எட். படிக்கிறவ, இங்க பயிற்சிக்கு வந்தவ, அதனால எனக்கு அவங்க எப்பவும் டீச்சர்தான். மூஞ்சி கழுவு தாயி, நல்லா கழுவு, ஆனா சீக்கிரம் வா. சார் பேனா மூடியைத் திறந்துட்டார். அந்தப் பேனாவை எனக்குத் தெரியும். போன மாசம் இதே பெஞ்சில உக்காந்து என் பாடத்தைப் பாத்துட்டு, போர்டை ஒரு தடவைகூட தொடாம நான் சாக்பீஸ்லயே வகுப்பை ஒப்பேத்தினதைப் பாத்துட்டு, ஒரே வரிதான் எழுதினார், தொழில்நுட்பம் பயன்படுத்தவில்லை, மறுபடி. காலேஜ்ல அவருக்குப் பேரே மறுபடி சார்தான். இன்னைக்கும் மறுபடின்னா இந்த வருஷம் போச்சு. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது. வீட்டுல அவுக மினி பஸ் ஓட்டுறாக, காலையில முதல் ட்ரிப்பை வேற டிரைவருக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட கேட்டு வாங்கி, ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளுக்கும் சடை பின்னி, சாப்பாடு கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் வண்டி எடுக்காக. ஒரு வருஷத்துக்குன்னுதான் முதலாளி தலையாட்டினார். பேச்சிமுத்துன்னு பேரு வச்ச ஆம்பளை ரெட்டைச் சடை பின்னிப் பழகினதை எங்க தெருவே வேடிக்கை பாத்துச்சு. முதல்ல ஒரு சடை மேல ஏறி இருக்கும், ஒண்ணு கீழ தொங்கும். இப்ப என்னைவிட நல்லா பின்னுறாக. அந்தச் சடைக்காகவாவது இந்த வட்டம் நிக்கணும்.

தொடாதே. எங்க பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ரூம் கதவுல அதைத்தான் எழுதி வச்சிருந்தாங்க, பெரிய எழுத்துல. ஊர்லயே ஏ.சி. இருந்த ரூம் அது ஒண்ணுதான். செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு, கோயிலுக்குள்ள போற மாதிரி வரிசையா போவோம். உள்ள பூப்போட்ட துணி போத்தி நாலஞ்சு கம்ப்யூட்டர் உக்காந்திருக்கும். டீச்சர் ஒண்ணுல மட்டும் துணியை விலக்குவாங்க. இது மானிட்டர், இது கீபோர்டு, இது மவுஸ், பாத்தாச்சா, கிளம்புங்க. பாத்தாச்சு டீச்சர். தொட்டா கெட்டுப் போயிரும், கெட்டுப் போனா யாரு கட்டுறதுன்னு கேப்பாங்க. யாரு கட்டுறது, எங்கப்பாவா கட்டுவார். அதனால கையைப் பின்னால கட்டிக்கிட்டு, எங்க மூச்சு பட்டாக்கூட ஏதாவது ஆயிருமோன்னு நின்னு பாத்துட்டு வந்துருவோம். ஆனா பரீட்சையில மட்டும் கேள்வி வரும், கணினியின் படம் வரைந்து பாகங்களைக் குறி. மவுஸுக்கு வால் எல்லாம் போட்டு, கீபோர்டுக்குக் கட்டம் கட்டமா கோடு கிழிச்சு முழு மார்க்கு வாங்கினவ இந்த இசக்கியம்மாள். வாழ்க்கையில ஒரு பட்டனைத் தொட்டதில்ல. அதுக்கப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, செல்போன் வந்துச்சு, அதை ஊரே தொட்டுச்சு நானும் தொட்டேன், ஆனா போர்டு அளவுக்குப் பெருசா ஒண்ணு சுவத்துல இருந்து என்னைப் பாத்தா மட்டும் கை தானா பின்னால போயிருது. போன மாசம் அதான் ஆச்சு. பயம்கூட இல்ல அது. பயம்னா தெரியும், நெஞ்சு அடிக்கும். இது கையே இல்லாத மாதிரி. சாக்பீஸை மட்டும் எடுக்குது அந்தக் கை. ரெஜினா டீச்சர் அன்னைக்கு சாயங்காலம் என்னை ஒண்ணுமே சொல்லல. ஏன்க்கா இப்படிப் பண்ணீங்கன்னுகூட கேக்கல. சாவியை நீட்டி, நான் பரீட்சை பேப்பர் திருத்திக்கிட்டு இங்கயே இருக்கேன், நீங்க உங்க பாட்டுக்கு அதைத் தொடுங்க, கெட்டா கெடட்டும், கவர்மெண்டு இன்னொண்ணு கொடுக்கும்னாங்க. கெட்டா கெடட்டும். என்கிட்ட அப்படி யாரும் சொன்னதே இல்ல. பாலை அடுப்புல வச்சாலும், பிள்ளையைத் தூக்கினாலும், கெட்டுறாம பாத்துக்கோன்னுதான் எல்லாரும் சொல்லியிருக்காங்க.

ஆங், நின்னுருச்சு. வட்டம் போயிருச்சு, என் படம் வந்துருச்சு. மேல சூரியன், கீழ ஒரு வேப்பமரம், மரத்துப் பக்கத்துல ரெட்டைச் சடை போட்ட பிள்ளை. நானே போட்ட படம். விரலால சூரியனைப் பிடிச்சு இழுத்தா மரத்தோட நிழல் நீளும், சுருங்கும், கிழக்க இருந்து மேற்க போனா நிழலும் பக்கம் மாறும். பிள்ளைங்க ஆன்னு வாயைப் பொளக்குதுங்க. இன்னும் ஒண்ணுமே பண்ணல கண்ணுங்களா, இருங்க. சாரைப் பாக்காதே இசக்கி, பிள்ளைங்களைப் பாரு. "காலையில உங்க நிழல் எப்படி இருக்கும்?" நீளமா டீச்சர். "மத்தியானம்?" குட்டியா டீச்சர். "ஏன்?" யாரும் பேசல. நல்லது, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வாங்க, சூரியனை நம்மளே நகர்த்திப் பாப்போம்னு சொல்லிட்டு விரலை நீட்டினேன். கை வந்துச்சு. பாத்தியா, வந்துச்சு, பின்னால போகல. சாயங்காலம் சாயங்காலம் யாருமில்லாத இந்த ரூம்ல நின்னு தொட்டுத் தொட்டுப் பழகின கை. முதல் நாள் நான் அழுத்தின அழுத்துல ரெஜினா டீச்சர் சிரிச்சிட்டாங்க, அக்கா, மாவா பெசையுறீங்க, அழுத்தவே வேண்டாம், பக்கத்துல கொண்டு போனாலே அதுக்குத் தெரியும்னாங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். இந்தச் சட்டம் இருக்குல்ல, கண்ணாடியைச் சுத்தி, அதோட உள் ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு, நம்ம விரல் குறுக்க வந்தா அந்த இடத்துல வெளிச்சம் மறையும், ஓகோ விரல் இங்க இருக்குன்னு அது கண்டுபிடிச்சுக்கும்னாங்க. எனக்கு அன்னைக்கு ஏற்பட்ட ஆறுதல் இருக்கே. அவ்வளவுதானா. மந்திரமும் இல்ல மாயமும் இல்ல, வாசல்ல நிக்கிற ஆளோட நிழல் உள்ள விழுந்தா யாரோ வந்திருக்காங்கன்னு அடுப்படியில இருந்தே தெரியுதுல்ல, அந்த மாதிரி. இதுக்கா இத்தனை வருஷம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். சரி. சூரியன் மேல விரல். வா சூரியா. வரல. திரும்ப வச்சேன். வந்துச்சு, ஆனா என் விரல்கூட வரல, விருட்டுனு ஓடிப்போய் இடது பக்கம் கீழ் மூலையில ஒட்டிக்கிச்சு. மரம் பெருசாச்சு. சின்னதாச்சு. ரெட்டைச் சடைப் பிள்ளை போர்டு முழுக்க ஒரு சடையா நின்னா. யாரோ சிரிச்சா, மூணாவது பெஞ்சு. நான் இன்னொரு தடவை தொட்டேன், படம் தலைகீழா போச்சு.

அணைச்சுட்டுத் திரும்பப் போடணும், ஆமா, எதுவா இருந்தாலும் முதல்ல அணைச்சுட்டுப் போடுங்கன்னு சொல்லியிருக்காங்க. அணைச்சேன். போட்டேன். திரும்பவும் அந்த வட்டம். ரெஜினா டீச்சர் நாற்காலியை விட்டு எந்திரிக்கப் பாத்தாங்க, சார் பின்னால இருந்து கையை லேசா தூக்கினார், அவ்வளவுதான், உக்காந்துட்டாங்க. பாடம் பாக்குற நேரத்துல வேற டீச்சர் உதவக் கூடாது, அது சட்டம். பாவம், கையைப் பிசையுறாங்க. நீங்க என்ன டீச்சர் செய்வீங்க, செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சாச்சு. லீவு விடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாலகூட நல்லாத்தானே இருந்துச்சு இது. சொன்ன பேச்சு கேட்டுச்சே. சூரியனை இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்துச்சு, அன்னைக்கு எனக்கு ரூமுக்குள்ள தனியா நின்னு சிரிப்பா வந்துச்சு. மறுநாள் பள்ளிக்கூடத்துல ஆயுத பூஜை. பெல்லுக்கு, பீரோவுக்கு, தண்ணி மோட்டாருக்கு, லேப்ல தராசுக்குன்னு ஆளாளுக்குச் சந்தனக் கிண்ணத்தோட கிளம்பினாங்க. போர்டுக்கு நான் வைக்கேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். கேட்டு வாங்கினேன், ஆமா. வீட்டுல அவுக பஸ்ஸுக்கு வைக்கும்போது பிள்ளைங்களை ஒண்ணு மட்டும் சொல்லி விரட்டுவாக, கண்ணாடியில வைக்காத, ரோடு மறைக்கும், ஓரத்துல வை. ஸ்டியரிங்குக்கு, டயருக்கு, நாலு பக்கமும் ஓரமா. முன் கண்ணாடியில ஒரு துளி பட்டாலும் உடனே துடைச்சிருவாக. சாமிக்கு மரியாதை வேணும், ரோட்டுக்கும் மரியாதை வேணும்பாக. அதையேதான் நானும் செஞ்சேன். ரெஜினா டீச்சர் பச்சைப் பிள்ளையைத் துடைக்கிற மாதிரி துடைச்சு வச்சிருக்கிற கண்ணாடியில கை படல. வெளியில தெரியுற மாதிரி அப்பினாலும் அசிங்கமா இருக்கும்னு, சட்டத்தோட உள் ஓரத்துல, நாலு மூலையிலயும், புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிற மாதிரி பாந்தமா சந்தனம் வச்சு, மேல குங்குமம். வச்சுட்டு மனசுக்குள்ள சொன்னேன், நல்லா இரு தாயி, உனக்கு நான் என்ன கைமாறு செய்யப் போறேன், என் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தியே. ரெஜினா டீச்சர் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க, அன்னைக்கு வாசல்ல நின்னு பொரிகடலை தின்னுக்கிட்டே, எனக்கும் சேத்து வேண்டிக்கோங்கக்கான்னாங்க. வேண்டினேன். இவ்வளவு வேண்டியும் இன்னைக்கு ஏன் இப்படிப் பண்ணுது. ஒருவேளை வேண்டினதே கூடிப் போச்சோ. ஒண்ணு மேல ரொம்ப ஆசை வச்சா கண்ணு பட்டுரும்பாங்க. என் கண்ணே பட்டுச்சோ.

வட்டம் நின்னுச்சு. படம் வந்துச்சு. தொட்டேன். சூரியன் அதே மூலைக்கு ஓடுச்சு. என்னமோ அங்க யாரோ ஏற்கெனவே விரலை வச்சு அழுத்திக்கிட்டே இருக்கிற மாதிரி, என் விரலைவிட அந்த விரலுக்குத்தான் பயந்த மாதிரி ஓடுது. இப்ப சிரிப்பு மூணாவது பெஞ்சுல மட்டும் இல்ல. சார் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சிட்டார். எழுதுங்க. ம-று-ப-டி, நாலெழுத்துத்தானே, எவ்வளவு நேரம் எழுதுவீங்க. முதலாளி முதல் ட்ரிப்பைத் திருப்பிக் கேப்பார், அவுக பரவால்ல விடு இசக்கின்னு சொல்லுவாக, கோவிச்சுக்க மாட்டாக, அதான் தாங்காது. கோவிச்சுக்கிட்டா நானும் நாலு வார்த்தை பேசலாம். பரவால்ல விடுன்னு சொல்லிட்டு அவுக பாட்டுக்கு வண்டிச் சாவியை எடுத்துட்டுப் போனா, பின்னின சடையோட பிள்ளைங்க என்னையே பாத்துக்கிட்டு நின்னா, அதுக்கு என்ன பேச. கை பின்னால போகுது. போகாதே. இரு, போகாதே. பின்னால போன கை மேசையில இருந்த டப்பாவுல சாக்பீஸைத் தேடுது. வேண்டாம், அதைத்தானே போன மாசம் செஞ்சேன். ஆனா பாடம் நிக்கக் கூடாது, பிள்ளைங்க காத்திருக்குதுங்க, வாய் இருக்கு, வாயாவது நடக்கட்டும். "சரி, போர்டு யோசிக்கட்டும். நீங்க சொல்லுங்க. வெளிச்சம் எப்படிப் போகும்?" நேரா டீச்சர். "குறுக்க ஒண்ணு வந்தா?" மறைச்சிரும் டீச்சர். "என்ன வந்தா மறைக்கும்?" கை, சுவரு, மரம், புஸ்தகம், ஒருத்தி செண்பகவல்லி தலைன்னா, எல்லாருக்கும் சிரிப்பு. செண்பகவல்லி வகுப்புலயே உசரமான பிள்ளை, அவ பின்னால உக்காந்தா ஒண்ணும் தெரியாதுன்னு எப்பவும் புகார். "பெருசா இருந்தாத்தான் மறைக்குமா?" இல்ல டீச்சர். "சின்னதா இருந்தா?" சின்ன நிழல் விழும் டீச்சர். "பொட்டு அளவுல இருந்தா?" பொட்டு அளவு நிழல் விழும் டீச்சர். பொட்டு. நான் ஏன் பொட்டுன்னு கேட்டேன். கடுகுன்னு கேக்கத்தான் நினைச்சு வச்சிருந்தேன், பாடக்குறிப்புல கடுகுதான். வாயில பொட்டுன்னு வந்துச்சு. சூரியன் ஒட்டிக்கிட்டு நிக்கிற இடது மூலையைப் பாக்கேன். சட்டத்தோட உள் ஓரத்துல மஞ்சளா, காஞ்சு வெடிச்சு, நடுவுல செகப்பு. ஒரு விரல்நுனி அளவு.

அடக் கடவுளே. கண்ணாடியில வைக்காத, ஓரத்துல வை. ஓரத்துலதானே தாயி உன் கண்ணே இருக்கு. ரெஜினா டீச்சர் எத்தனை தடவை சொன்னாங்க, சட்டத்தோட உள் ஓரத்துல வெளிச்சம் ஓடுதுன்னு. கேட்டுக்கிட்டு, புரிஞ்சுக்கிட்டு, ஆறுதலும் பட்டுக்கிட்டு, பிறகு போய் சரியா அந்த இடத்துலயே நாலு மூலையிலும் சந்தனத்தை அப்பியிருக்கேன். இந்த லீவு நாள் பூரா என் விரல் இதும்மேல இருந்திருக்கு, எடுக்கவே இல்ல. எனக்கு அழுகை வரணும், வரல, வயித்துக்குள்ள இருந்து சிரிப்பு வருது. இப்ப என்ன செய்ய. ஒண்ணும் சொல்லாம முந்தானையால துடைச்சு விட்டுட்டு, ஆங் சரியாயிருச்சுன்னு பாடத்தை நடத்தலாம். யாருக்கும் தெரியாது. சாருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன நினைப்பார், தொழில்நுட்பம் கத்துக்கச் சொன்னா அதுக்குக் குங்குமம் வச்சு வச்சிருக்கா, நல்ல டீச்சர்தான்னு நினைப்பார். ஆனா முப்பது நாப்பது பிள்ளைங்க உக்காந்து வெளிச்சம் எப்படி மறையும்னு யோசிச்சுக்கிட்டிருக்குதுங்க, மறைச்சது என் கண்ணு முன்னால மஞ்சளா நிக்குது, இதைவிட நல்ல பாடம் வேப்பமரமா. "பிள்ளைங்களா, போர்டு ஏன் பேச்சு கேக்கலன்னு கண்டுபிடிச்சிட்டேன். நான்தான் கெடுத்தேன்." சத்தம் அடங்கிருச்சு. சார் எழுதுறதை நிறுத்தினது எனக்குக் கேட்டுச்சு, பேனா நிக்கிறதுகூட கேக்குமான்னா கேக்கும். ஆயுத பூஜைக்கு நான் பொட்டு வச்ச கதையைச் சொன்னேன். சட்டத்துக்குள்ள ஓடுற வெளிச்சத்தைச் சொன்னேன், விரல் மறைக்கிறதைச் சொன்னேன், இந்தச் சந்தனத்தை விரல்னு நினைச்சுக்கிட்டு போர்டு காலையில இருந்து குழம்பிப் போய் நிக்குதுன்னேன். அப்புறம் செண்பகவல்லி எந்திரிச்சா. "அப்ப அது நெழலு டீச்சர். நமக்குத் தெரியாத வெளிச்சத்துல விழுந்த நெழலு." என் ராசாத்தி. இந்த ஒரு வரியை நான் சொல்லிக் கொடுக்க ரெண்டு பீரியடு ஆகியிருக்கும். துடைக்கப் போனா முன் பெஞ்சுப் பிள்ளை ஒண்ணு பதறுது, "டீச்சர், சாமிக்கு வச்ச பொட்டு, அழிக்காதீங்க டீச்சர், பாவம்." எனக்கும் கை ஒரு நொடி நின்னுச்சு. பொட்டை அழிக்கிறதுன்னா சும்மாவா. ஆனா நன்றி சொல்லுறதுன்னா என்ன, அது கண்ணை மறைக்கிறதா. "பொட்டை அழிக்கல கண்ணு. இடம் மாத்துறேன்." விரல்நுனியைத் தண்ணி பாட்டில்ல நனைச்சு, போர்டை அணைச்சுட்டு, மூணு மூலையிலயும் பூப்போல துடைச்சேன். நாலாவதை விட்டு வச்சேன். போட்டேன். வட்டம் சுத்துச்சு, இந்தத் தடவை பிள்ளைங்க எல்லாம் வட்டத்துக்குக் கை தட்டிச்சுங்க. ஒரு மூலையில பொட்டு இருந்தா என்ன ஆகும்னு பாருங்கன்னு தொட்டுக் காட்டினேன், சூரியன் சொல்லி வச்ச மாதிரி அந்த மூலைக்கு ஓடுச்சு. அப்புறம் அதையும் துடைச்சேன். துடைச்ச சந்தனத்தைப் போர்டுக்குப் பின்னால, சுவத்துல, யாருக்கும் எதுக்கும் குறுக்க வராத இடத்துல வச்சேன். இப்ப தொட்டேன். சூரியன் வந்துச்சு. என் விரலோடயே வந்துச்சு, கிழக்க இருந்து மேற்க, மரத்தோட நிழல் சுருங்கி, காலடிக்கு வந்து, அந்தப் பக்கம் நீண்டுச்சு.

"யாருக்கு நகர்த்தணும்?" கேட்டிருக்கக் கூடாது, மொத்த வகுப்பும் எந்திரிச்சிருச்சு. "வரிசை. வரிசையா வாங்க. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். செண்பகவல்லி, நீ பாத்துக்கோ." முதல் பிள்ளை கையைப் பாவாடையில துடைச்சிட்டு, என்னைத் திரும்பிப் பாத்து, "தொடலாமா டீச்சர்"னு கேட்டா. தொடு. கெட்டா கெடட்டும்னேன். ஜன்னல் பக்கத்துல ரெஜினா டீச்சர் கர்ச்சீப்பால கண்ணைத் துடைச்சாங்க, சிரிச்சதுனால வந்த தண்ணியா வேற தண்ணியான்னு தெரியல. இவங்களுக்கு நான் எங்க பொட்டு வைக்க. இந்தப் பிள்ளைக்கு, காலையில சடை பின்னுற அந்த மனுசனுக்கு எங்க வைக்க. வரிசை நகருது, சூரியன் கிழக்கயும் மேற்கயுமா போய்ப் போய் வருது, ஒவ்வொருத்தியும் தொட்டுட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே போறா. அப்பதான் சங்கரபாண்டி சார் பின்னால இருந்து நடந்து வந்தார். போச்சு, பெல்லடிக்கப் போகுது, முடிவைச் சொல்லப் போறார்னு முந்தானையைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் நேரா என்கிட்ட வரல. வரிசையில கடைசியா நின்ன பிள்ளைக்குப் பின்னால போய் நின்னார். பிள்ளைங்க ஒண்ணை ஒண்ணு கிள்ளிக்கிட்டுச் சிரிக்குதுங்க. "சார், நீங்க முன்னால வாங்க"ன்னேன். "இல்லம்மா, இருக்கட்டும்"ன்னார். முறை வந்ததும் கர்ச்சீப்பை எடுத்து வலது கையைத் துடைச்சார், விரல் விரலா துடைச்சார். என்கிட்ட குனிஞ்சு, பிள்ளைங்களுக்குக் கேக்காத குரல்ல சொன்னார், "பாஸ் போட்டாச்சும்மா, அது கிடக்கட்டும். இந்த மாதிரி போர்டுல நடத்துற பாடத்துக்கு மார்க்கு போட ஆரம்பிச்சு நாலஞ்சு வருஷம் ஆச்சு, எத்தனையோ பேரை மறுபடி வரச் சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட நான் தொட்டதில்ல. தொடலாமா?" போர்டுல எழுதுற வெத்துப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் கை போர்டு பக்கத்துல போய் நின்னுருச்சு. எனக்குத் தெரியாத கையா அது. "அழுத்த வேண்டாம் சார். பக்கத்துல கொண்டு போனாலே அதுக்குத் தெரியும்." கொண்டு போனார். வெள்ளையா கிடந்த போர்டுல மேல நடுவுல ஒரு பிள்ளையார் சுழி போட்டார், எல்லாரும் காகிதத்துல முதல்ல போடுவோம்ல, அதே மாதிரி, கீழ ஒரு கோடு இழுத்து. போட்டுட்டு அந்த விரலைக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அப்புறம் நகரவே இல்ல, சுழியையே பாத்துக்கிட்டு நிக்கிறார், விரல் திரும்பவும் மேல போகுது. செண்பகவல்லி தொண்டையைச் செருமினா. "சார், ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். மறுபடி வேணும்னா வரிசையில வாங்க." சார் அவளைப் பாத்தார், என்னைப் பாத்தார், சரின்னு தலையாட்டிட்டு வரிசையோட கடைசியில போய் நின்னார்.